உளவியற் பட்டமும் உழைக்கும் மக்களும்

நமது பல்கலைக்கழகங்களில் இன்று எந்தப் பாடநெறியும் ஒரு பட்டியலோடுதான் தொடங்குகிறது. மாணவர் முதல் விரிவுரைக்குச் சென்று அமர்வதற்கு முன்னரே, அப்பாடநெறியைக் கற்று முடிக்கும்போது அவர் எதை அறிந்திருப்பார், எதைச் செய்ய வல்லவராவார், எத்தகைய மனப்பாங்கு உடையவராவார் என்று வரையறுத்துக் கூறும் தாள் ஒன்று அவர் கைக்கு வந்து சேர்கிறது. 'நோக்கங்களும் கற்றற் பேறுகளும்' என்பது அதன் தலைப்பு. விரிவுரையாளர்கள் அதை நிர்வாகத்துக்காக எழுதிக் கொடுக்கின்றனர். மாணவர்கள் வாசியாமலே மடித்து வைக்கின்றனர். தர மதிப்பீட்டுக் குழுவினர் வரும் நாளில் மட்டும் அது கோப்பிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது.

அத்தாளை இவ்வாறு அலட்சியம் செய்தல் தவறு என்பது எமது கருத்து. ஒரு சமுதாயம் தான் எத்தகைய மனிதரை விரும்புகிறது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் இடங்கள் மிகச் சில. பாடவிதானத்தின் முதற் பக்கம் அவற்றுள் ஒன்று. மனித மனத்தையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட உளவியலில் இது இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது. அங்கே கற்பவர் எத்தகையவராக உருவாக வேண்டும் என்ற கேள்வியும், அவர் நாளை யாருடைய மனத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறப் போகிறார் என்ற கேள்வியும் ஒன்றாகவே எழுகின்றன.

ஆதலால், இளமாணி உளவியற் பட்டத்தின் நோக்கங்களை, ஓர் இலக்கியப் படைப்பைப் பரிசீலிப்பது போல இங்கே பரிசீலிக்க முனைகிறோம். உரைகல்லாக மாத்தளை மாவட்டத்திலுள்ள லக்கலவை எடுத்துக்கொள்வோம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியிலுள்ள அந்தப் பின்தங்கிய பிரதேசத்துக்கும் பல்கலைக்கழகப் பாடவிதானத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு, அது தற்செயலானதும் அன்று.

பட்டியல் கூறுவது யாது?

உலகெங்கும் உளவியற் பட்டங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது அமெரிக்க உளவியற் கழகத்தின் வழிகாட்டி நெறிகளாகும். 2007-இல் வெளிவந்த முதற் பதிப்பு பத்து நோக்கங்களைக் கூறிற்று. 2013-இல் வந்த இரண்டாம் பதிப்பு அவற்றை ஐந்தாகச் சுருக்கிற்று: உளவியலின் அடிப்படை அறிவு, விஞ்ஞான விசாரணையும் விமரிசன சிந்தனையும், பன்மைத்தன்மை வாய்ந்த உலகில் ஒழுக்கவியற் பொறுப்பும் சமூகப் பொறுப்பும், தொடர்பாடல், தொழில்சார் வளர்ச்சி. 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் நோக்கங்கள் ஐந்துதான். பெயர்களும் அழுத்தங்களும் சற்று மாறியுள்ளன.

இலங்கையில் எல்லாப் பட்டங்களுக்கும் பொதுவான அளவுகோலாக இருப்பது, 2012-இல் வெளியிடப்பட்டுப் பின்னர் 2015-இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம். அது கற்றற் பேறுகளைப் பன்னிரண்டு வகைகளாகப் பிரிக்கிறது. பாட அறிவும் செயல்முறை அறிவும் முதலில் வருகின்றன. பின்னர் தொடர்பாடல், குழுவாக இயங்குதலும் தலைமைத்துவமும், ஆக்கத்திறன், முகாமைத்துவமும் தொழில்முயற்சியும், தகவற் பயன்பாடு, தொடர்புகளை வளர்த்தலும் சமூகத் திறன்களும், இசைவாக்கமும் நெகிழ்வும், மனப்பாங்கும் விழுமியங்களும், வாழ்க்கை பற்றிய தரிசனம், வாழ்நாள் முழுவதும் கற்றல் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

முதலில் நியாயமாகப் பேசுவோம். இந்த நோக்கங்களுள் உண்மையான நன்மைகள் உள்ளன. மனத்தின் பெயரால் நடைபெறும் வியாபாரம் நம்மிடையே கொஞ்சமன்று. சோதிடம் பார்ப்பவரும், நினைவாற்றலைப் பெருக்கித் தருவதாகப் பணம் வாங்குபவரும், மூன்று நாளில் ஆளுமையை மாற்றித் தருவதாக விளம்பரம் செய்பவரும் மலிந்துவிட்ட ஒரு நாட்டில், 'சான்று எங்கே?' என்று கேட்கப் பழகிய ஓர் இளைஞர் கூட்டம் உருவாகுமாயின் அது வரவேற்கத்தக்கதே. ஒருவர் நம்பிக் கூறியதை வெளியே சொல்லாதிருத்தல், அவருடைய சம்மதமின்றி அவரை ஆராயாதிருத்தல் ஆகிய ஒழுக்க நெறிகளும் மனித கௌரவத்தின் பாற்பட்டவை. இவற்றை முற்போக்காளர் எவரும் இகழ மாட்டார்.

ஆனால் பட்டியலின் வடிவத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1949-இல் ரால்ப் டைலர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் பாடவிதானத்தை நோக்கங்களிலிருந்து தொடங்கி அமைக்கும் முறையை வகுத்தார். 1956-இல் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு கல்வி நோக்கங்களை வகைப்படுத்தி அடுக்கிக் காட்டிற்று. அன்று முதல் படிப்படியாக ஒரு வழக்கம் நிலைபெற்றது: எதை அளந்து காட்ட முடியுமோ அதையே நோக்கமாக எழுதுதல். 'விளங்கிக்கொள்வார்' என்று எழுதலாகாது. 'பட்டியலிடுவார்', 'ஒப்பிடுவார்', 'மதிப்பிடுவார்' என்றே எழுத வேண்டும். அளக்கக்கூடியது நன்றுதான். ஆனால் அளக்க முடியாதது மெல்ல மெல்ல இல்லாததாகவே ஆகிவிடுகிறது. பிறர் துயரைக் கேட்டு அதன் காரணத்தை அவர் வாழும் நிலைமைகளிலே தேடும் பண்பை எந்த வினைச்சொல்லால் அளப்பது? அளக்க முடியாமையால் அது பட்டியலில் இடம்பெறவில்லை.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். 'இசைவாக்கமும் நெகிழ்வும்' என்ற பேறு எல்லாப் பட்டதாரிகளுக்கும் உரியதாகக் கூறப்பட்டுள்ளது. வேலைச் சந்தை எப்படி வளைந்தாலும் தாமும் அதற்கேற்ப வளையக்கூடியவர் என்பதே நடைமுறையில் இதன் பொருளாகிவிடுகிறது. உளவியற் பட்டதாரியிடத்தில் இச்சொற்கள் மேலும் ஒரு பொருளைப் பெறுகின்றன. அவர் தாம் வளைவது மட்டுமன்றிப் பிறரை வளையப் பழக்குபவராகவும் ஆகிறார். தொழிற்சாலையில் தாங்க முடியாத வேலைப்பளுவை 'மன அழுத்த முகாமைத்துவ'த்தால் தாங்கப் பழக்குவதும், பரீட்சைப் போட்டியில் நசுங்கும் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி கற்பிப்பதும் அவருடைய கடமைகளாகின்றன. சமூகம் என்பதோ, 'தொடர்புகளை வளர்க்கும் திறன்' என்ற தலைப்பின் கீழ் ஒரு தனிமனிதத் தகுதியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

யாருடைய மனம்?

இனி, பட்டியலின் முதல் நோக்கமாகிய 'அடிப்படை அறிவு' என்பதை எடுத்துக்கொள்வோம். அந்த அறிவு யாரைப் பார்த்துத் திரட்டப்பட்டது?

இக்கேள்வியை மேற்குலக உளவியலாளரே எழுப்பியுள்ளனர். 2008-இல் ஜெப்ரி ஆர்னெட் என்பவர் அமெரிக்க உளவியற் கழகத்தின் முன்னணி இதழ்களை ஆராய்ந்தார். அவற்றில் ஆய்வுக்குட்பட்ட மனிதருள் 96 சதவீதத்தினர் மேலைத்தேயக் கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும், அந்நாடுகளில் வாழ்வோர் உலக மக்கள் தொகையில் 12 சதவீதத்தினரே என்றும் அவர் காட்டினார். 2010-இல் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய இரு தோழர்களும் இதனை மேலும் விரித்து, அந்தச் சிறுபான்மையே பல விடயங்களில் உலகின் ஏனைய மக்களினின்றும் மிக வேறுபட்டது என்று வாதிட்டனர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்களே. விரிவுரை மண்டபத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருந்தவரின் மனமே 'மனித மனம்' என்று பெயர் பெற்றுவிட்டது எனலாம்.

நமது நாடுகளுக்கு இந்த அறிவு வந்த வழியும் நாம் அறிந்ததே. 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியற் துறைகள் தோன்றின. ஈழத்தில் பேராதனையில் அது நெடுங்காலம் மெய்யியலோடு இணைந்த துறையொன்றுக்குள்ளேயே இருந்தது. பரிசோதனைக் கருவிகளும் பாடநூல்களும் கடல் கடந்து வந்தன. அவை வந்ததில் குற்றமில்லை. விஞ்ஞானத்துக்குத் தேசம் இல்லை. ஆனால், வந்த நூலை நமது மக்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கும் கடமையை நாம் நிறைவேற்றினோமா என்பதே கேள்வி.

அக்கடமையை நிறைவேற்றியவர் ஒருவர் உண்டு. அவர் சென்ற இடங்களுள் ஒன்று லக்கல.

லக்கல தந்த பாடம்

காலஞ்சென்ற பேராசிரியர் கணநாத் ஒபேசேகர (1930–2025) பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி உலகப் புகழ் பெற்றவர். தமது இளமையில் அவர் லக்கலவின் சிங்களக் கிராமத்தில் கள ஆய்வு செய்தார். அதன் பயனாக 1963-இல் அமெரிக்க மானிடவியல் இதழொன்றில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கர்ப்பிணிப் பெண்களுக்கு எழும் ஆசைகள் பற்றிய ஆய்வு அது. தமிழில் நாம் மசக்கை என்போம். சிங்கள மக்கள் 'தொல துக்க' என்பர். ஒரு சிங்களக் கிராமத்தின் சமூக அமைப்போடும் ஆளுமையோடும் இவ்வாசைகளைத் தொடர்புபடுத்திப் பார்ப்பதே அக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவர் இதைக் கண்டால் உடலில் ஏற்பட்ட சத்துக்குறைவு என்பார். பாடநூல் உளவியலாளர் கண்டால் அப்பெண்ணின் தனிப்பட்ட மனநிலை என்பார். ஒபேசேகர கிராமத்தைப் பார்த்தார். அங்கே பெண்ணுக்குரிய இடம் எது, அவள் உழைப்பு எத்தகையது, அவள் வாய்விட்டுச் சொல்ல முடியாதவை எவை என்று பார்த்தார். எதையும் கேட்கும் உரிமையில்லாத ஒருத்தி, கருவுற்றிருக்கும் காலத்தில் மட்டும் கேட்கலாம். கணவன் அதைத் தேடிக் கொணர்ந்து தருதல் வேண்டும் என்று வழக்கம் விதிக்கிறது. ஒடுங்கிக் கிடந்த மனம் ஊரார் ஒப்புக்கொண்ட ஒரு வாயிலின் வழியே வெளிப்படுகிறது. உடலும் மனமும் சமூகமும் மூன்று தனிப் பாடங்களாகப் பிரிந்து நில்லாமல், ஒரு பெண்ணின் நாவிலே ஒன்றாய்க் கலந்து நிற்பதை அக்கட்டுரை காட்டிற்று.

பிராய்டின் சிந்தனையில் ஊறியவர் ஒபேசேகர. அவருடைய முடிவுகள் யாவற்றையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. வர்க்க உறவுகளைக் காட்டிலும் குழந்தைப் பருவ அனுபவங்களுக்கு அவர் அதிக அழுத்தம் கொடுத்தார் என்று ஒரு மார்க்ஸியர் குறை கூறலாம். எனினும் முறையைப் பாருங்கள். அவர் நூலை எடுத்துக்கொண்டு லக்கலவுக்குச் சென்றார். லக்கலவைக் கொண்டு நூலைத் திருத்தினார். பின்னர் 1985-இல் மனச்சோர்வு நோய் பற்றி எழுதியபோதும் அவர் இதே துணிவைக் காட்டினார். வாழ்வு துன்பமயமானது என்று கருதி நம்பிக்கையற்றுப் பேசும் ஒரு பௌத்தரை மேனாட்டு வரைவிலக்கணம் நோயாளி என்று குறித்துவிடலாம். தன் சமூகத்திலோ அவர் வாழ்வை ஆழ்ந்து சிந்தித்த ஒருவர் என்பதே அவருடைய வாதம். நமது நாட்டவர் தாது நட்டத்தால் வருவதாக நம்பும் நோயின் அறிகுறிகளை ஒரு பட்டியலாக்கி, அதைக் கொண்டு அமெரிக்கரைச் சோதித்து அவர்களுள் எத்தனை பேருக்கு அந்நோய் உண்டு என்று கணக்கெடுத்தால் எப்படியிருக்கும் என்றும் அவர் வினவினார். அந்த எள்ளலுக்குள் ஒரு முழுப் பாடவிதானத்தின் விமரிசனம் அடங்கியிருக்கிறது.

நமது இளமாணிப் பட்டத்தின் நோக்கங்களுள், மாணவர் இத்தகைய ஒரு கேள்வியைத் தாமே எழுப்ப வல்லவராக வேண்டும் என்று ஒரு வரியேனும் எழுதப்பட வேண்டாமா?

நீரில் மூழ்கிய ஊர்

ஒபேசேகர கண்ட லக்கல இன்று இல்லை. மொரகஹகந்த - களு கங்கைத் திட்டத்தின் கீழ், அம்பன் கங்கையோடு சேரும் களு கங்கையின் குறுக்கே அணை எழுந்தது. (களுத்துறையிற் கடலை அடையும் களு கங்கை வேறு.) 2018-இல் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியபோது பல்லேகம என்ற பழைய லக்கல நகரம் நீருக்கடியிற் சென்றது. வயல்களும் வீடுகளும் கடைத்தெருவும் மறைந்தன. மக்கள் புதிய நகரத்திலும் புதிய குடியேற்றங்களிலும் வாழத் தொடங்கினர்.

அணைகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வறண்ட வலயத்து விவசாயிக்கு நீர் வேண்டும். ஆனால் ஒரு விவசாயியின் வயலுக்கு நீர் செல்லும்பொருட்டு மற்றொரு விவசாயி தன் ஊரை விட்டெழுந்தான் என்பது உண்மை. இந்த இழப்பை நமது உளவியற் பட்டதாரி எவ்வாறு அறிவார்?

அவர் ஒரு வினாக்கொத்தோடு அங்கே செல்வார் என்று வைத்துக்கொள்வோம். 'கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகமின்மை ஏற்பட்டதா? உறக்கம் குன்றிற்றா?' என்று கேட்பார், பதில்களைக் கூட்டுவார், கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் 'மனச்சோர்வு' என்று குறிப்பார். பட்டியலின் எல்லாப் பேறுகளும் அங்கே நிறைவேறிவிடுகின்றன. அறிவு உண்டு, விஞ்ஞான முறை உண்டு, சம்மதப் படிவம் உண்டு, அறிக்கை எழுதும் தொடர்பாடலும் உண்டு. ஆனால் அக்கிழவர் உறங்காதது தலைமுறை தலைமுறையாக உழுத வயல் நீருக்கடியில் கிடப்பதால் என்பதும், முன்னர் அடுத்த வயற்காரரோடு கைமாற்றாக உழைத்தவர் இன்று யாரோடும் சேர்ந்து உழைக்க வழியற்றிருக்கிறார் என்பதும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் வரா.

இது கற்பனை அச்சம் அன்று. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரைகளுக்குப் பிற நாடுகளிலிருந்து உளவள ஆலோசகர்கள் திரள் திரளாக வந்தனர். நெருக்கீட்டுக்குப் பிந்திய நோயின் அறிகுறிப் பட்டியல்கள் அவர்கள் கையில் இருந்தன. இலங்கையரான உளவியலாளர் கயத்ரி பெர்னாண்டோ வேறு வழியிற் சென்றார். இலங்கை மக்கள் தம் துயரைத் தாமே கதையாகக் கூறுவதை அவர் கேட்டார். அவர்கள் தம் உள்ளத்துக்குள் நிகழ்வதைப் பற்றிப் பேசியதிலும் பார்க்க, அறுந்துபோன உறவுகளைப் பற்றியும், குடும்பத்திலும் ஊரிலும் தாம் வகித்த இடம் பறிபோனதைப் பற்றியுமே மிகுதியாகப் பேசினர் என்று கண்டார். யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் 2007-இல் இதையொத்த முடிவையே எழுதினார்: வடக்கில் காயமுற்றவை தனித்தனி மனங்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சமூகமும் கூட்டாகவே காயமுற்றன.

இப்படியொரு கூட்டுக் காயத்தை ஆராய்வதற்கு உளவியலில் வழியே இல்லை என்று எவரும் கூற முடியாது. வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்னும் நெசவாலைக் கிராமம் இருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. மரி யஹோடா, பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹன்ஸ் செய்சல் ஆகிய சோசலிச இளைஞர்கள் தம் குழுவோடு அங்கே சென்றனர். உடைகளைச் சேகரித்துக் கொடுத்தும், மருத்துவ ஆலோசனைக்கு வழி செய்தும், தையல் வகுப்பு நடத்தியும் ஊராருக்குப் பயன்பட்டவாறே ஆராய்ந்தனர். வேலையற்றோருக்கு நேரம் மிகுந்திருந்தும் நூலகத்தில் நூல் எடுப்பது குறைந்தது என்று கண்டனர். தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தை அளந்தனர்; செல்வதற்கு இடமில்லாதவரின் நடை தளர்ந்திருந்தது. 1933-இல் வெளிவந்த அவர்களுடைய நூல் எண்ணையும் கைவிடவில்லை, மனிதரையும் கைவிடவில்லை. அரசியற் பணிக்காக யஹோடா 1936-இல் சிறையிலிடப்பட்டார் என்பதையும் நமது மாணவர் அறிதல் நன்று. நடையின் வேகத்தையும் அளக்கலாம் என்று காட்டிய இவர்கள் பாடவிதானத்தில் ஒரு அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது.

மலைக்கு அப்பால்

லக்கலவிலிருந்து மலைப்பாதை வழியே இரத்தோட்டைக்கு இறங்கினால் நாம் வேறொரு மக்களைச் சந்திக்கிறோம். மாத்தளையின் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் அவர்கள். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தோர் மலைநாட்டை அடைந்தது மாத்தளை வழியாகவே. அந்த வரவின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்ததும் நினைவிலிருக்கும்.

இவர்களுடைய குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இவர்களைக் கேளாமலே இரு நாடுகளுக்கிடையே பங்கு போட்டது. ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்தில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாய்ப் பிரிந்தனர். இந்த வரலாற்றை அறியாத ஒரு ஆலோசகர் தோட்டப் பாடசாலைக்கு வந்து, பேசாமல் ஒடுங்கியிருக்கும் சிறுமிக்குத் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று எழுதுவார். மாலையில் குடித்துவிட்டு வரும் தந்தைக்குக் 'கோபக் கட்டுப்பாட்டுக் குறைபாடு' என்று எழுதுவார். அவர் எழுதியது பொய் அன்று. ஆனால் உண்மையின் மிகச் சிறிய பகுதி. லய அறையில் மூன்று தலைமுறை ஒன்றாக உறங்குவதும், கூலி உயர்வு ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின்னரே கிடைப்பதும் அக்குறிப்பேட்டில் இடம்பெறாத பகுதிகள்.

மனத்தின் துயர் எங்கே தீர்க்கப்படுகிறது என்பதற்கு நமது நாடே ஓர் உதாரணத்தைத் தந்துள்ளது. 1995-ஐ ஒட்டி இலங்கையில் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. மிக நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்ததே இதற்கு முதற் காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆயிரமாயிரம் உயிர்கள் பிழைத்தன. ஒரு கணத்தில் மூண்ட வேதனை தணிவதற்கு அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தை வழங்கியது ஒரு பொதுச் சட்டம். உளவியல் மாணவர் இதைத் தம் துறையின் தலையாய வெற்றிகளுள் ஒன்றாகக் கற்க வேண்டும். பட்டியலின் எந்த நோக்கத்தின் கீழ் இதனைக் கற்பிப்பது?

இரு ஆட்சேபங்கள்

இங்கே இரு ஆட்சேபங்கள் எழக்கூடும். இரண்டையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது ஆட்சேபம்: 'இது உளவியல் அன்று, அரசியல். சமூகம் மாறும்வரை நோயாளி காத்திருக்க வேண்டுமா?' இல்லை, காத்திருக்கலாகாது. கடும் மனச்சோர்வில் வீழ்ந்த ஒரு தாய்க்கு இன்றே மருந்தும் துணையும் ஆறுதலும் வேண்டும். அவளுக்கு வர்க்க ஆய்வை விளக்கிக் கொண்டிருப்பது கொடுமை. துயர் எல்லாம் கூலியிலிருந்தும் நிலத்திலிருந்தும் நேராகப் பிறக்கிறது என்று கூறும் இயந்திரப் போக்கு நம்மவரிடமும் இருந்ததுண்டு. நிலவுடைமையாளர் வீட்டிலும் மனநோய் உண்டு. தோழர்களின் வீட்டிலும் உண்டு. தனிமனிதரின் வேதனை தனிமனிதருடையதே. அதைத் தணிக்கும் திறன் பட்டத்தின் நோக்கங்களுள் இருக்கத்தான் வேண்டும். அத்திறனே முழு நோக்கமாகி, வேதனையின் ஊற்று மறைக்கப்படுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

மக்களிடம் செல்வதனால் மட்டுமே எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டியதில்லை. சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1931-லும் 1932-லும் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்றார். 'பனி சூழ்ந்த வடபுலத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை. இன்ன ஊர் வடபுலத்தில் உள்ளது. அங்கே கரடி என்ன நிறம்?' என்ற வகையில் விவசாயிகளை வினவினார். தாம் அவ்வூரைக் கண்டதில்லை என்றும், காணாததைப் பற்றிப் பேசுவதில்லை என்றும் பலர் விடை பகர்ந்தனர். இதை லூரியா சிந்தனை வளர்ச்சியின் குறைந்த படியாகக் கருதினார். காணாததைக் கண்டதாகக் கூற மறுத்த அவ்விவசாயியின் விவேகத்தை அவரால் முழுமையாகக் காண இயலவில்லை. சோசலிச நாட்டின் மாபெரும் விஞ்ஞானிக்கும் இத்தவறு நேர்ந்தது என்றால், நமக்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்!

இரண்டாவது ஆட்சேபம் மாணவர்களுடையது: 'எங்களுக்கு வேலை வேண்டும்.' இது மிக நியாயமான குரல், ஏளனம் செய்யத்தக்கதன்று. லக்கலவிலிருந்தோ ஒரு தோட்டத்திலிருந்தோ பல்கலைக்கழகம் வந்த பிள்ளைக்குப் பட்டம் என்பது குடும்பத்தின் சோறு. ஆனால் எந்த வேலை என்பதையும் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமே துயரைப் பெயரிடத் தெரிந்த பட்டதாரிகள் தலைநகரின் தனியார் நிலையங்களில் ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர். மக்களின் மொழியில் அவர்களோடு பேசத் தெரிந்தவருக்குப் பாடசாலைகளிலும் கிராமிய மருத்துவமனைகளிலும் தேவை பெரிது. அத்தேவையை அரசாங்கப் பதவிகளாக மாற்றுமாறு போராடுவது மாணவர் இயக்கத்தின் வேலை. பட்டியலைத் திருத்துவதும் அதன் ஒரு பகுதியே.

நாம் முன்வைக்கும் நோக்கங்கள்

குறை கூறுவதோடு நிற்பது விமரிசகருக்கு அழகன்று. எனவே நமது இளமாணி உளவியற் பட்டத்துக்கு நான்கு நோக்கங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, மொழி. பட்டதாரி தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் தம் துயரைச் சொல்லும் சொற்களை அறிந்திருக்க வேண்டும். 'மனசு சரியில்லை', 'நெஞ்சு பாரமாயிருக்கு', 'யோசனை கூடிப்போச்சு' என்பவற்றுக்கு வெவ்வேறு பொருள் உண்டு. அவற்றை ஒரே ஆங்கிலச் சொல்லின் கீழ்த் தள்ளுபவர் நோயை அறிந்தவராகார். லக்கலவின் சிங்கள விவசாயியும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியும் ஒரே மலையின் இருபுறத்தார். இருவர் மொழியையும் கற்ற இளைஞர் இன ஒற்றுமைக்கும் தொண்டு செய்தவராவார்.

இரண்டாவது, வரலாறு. எந்த மனிதரைச் சந்தித்தாலும் அவருடைய நிலம், உழைப்பு, குடிபெயர்வு ஆகியவற்றின் வரலாற்றைக் கேட்டறிந்த பின்னரே அவர் மனத்தைப் பற்றி எழுதும் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, சோதனை. அயல்நாட்டில் ஆக்கப்பட்ட எந்த வினாக்கொத்தையும், எந்தக் கோட்பாட்டையும் நமது மக்களிடையே சோதித்து, பொருந்துவதை ஏற்று, பொருந்தாததை வெளிப்படையாகக் கூறும் திறன் வேண்டும். விஞ்ஞான விசாரணை என்று பட்டியல் கூறுவதை முழு மனத்தோடு நிறைவேற்றும் வழி இதுவே.

நான்காவது, பொதுப்பணி. ஒருவருடைய துயரைக் கேட்கும்போதே, அதே துயர் இன்னும் எத்தனை பேருக்கு உண்டு, அதை வேரிலே குறைக்கும் பொது நடவடிக்கை எது என்று வினவும் பழக்கம் வேண்டும். எல் சல்வடோரில் இக்னாசியோ மார்ட்டின் பாரோ இப்பணியைச் செய்தார். அரசாங்கப் பிரசாரத்துக்கு எதிராக மக்களின் உண்மையான கருத்தை வெளிக்கொணர 1986-இல் பொதுசன அபிப்பிராய ஆய்வு நிலையமொன்றை அமைத்தார். 1989 நவம்பர் 16 அன்று இராணுவம் அவரைச் சுட்டுக் கொன்றது. உளவியலாளர் ஒருவருடைய வினாக்கொத்து ஆட்சியாளருக்கு அத்துணை அச்சம் தர முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

இந்நோக்கங்கள் நிறைவேறினவா என்று எவ்வாறு அறிவது என்று தர மதிப்பீட்டுக் குழுவினர் கேட்பர். அதற்கும் வழி உண்டு. இறுதியாண்டு மாணவரை ஒரு பருவகாலம் புதிய லக்கலவிலோ மாத்தளைத் தோட்டமொன்றிலோ தங்கவையுங்கள். அங்கே அவர் எழுதும் ஆய்வை ஆங்கிலத்தில் பல்கலைக்கழகத்திடமும், மக்களின் மொழியில் அவ்வூராரிடமும் சமர்ப்பிக்கட்டும். ஊர் மன்றத்தில் அவர் அதை வாசிக்கட்டும். 'ஆம், எங்கள் பாடு இதுதான்' என்று ஊரார் கூறினால் அவர் தேறினார். 'தம்பி, நீங்கள் சொல்வது எங்களைப் பற்றியதல்ல' என்று ஒரு மூதாட்டி எழுந்து சொன்னால், அவர் மறுபடியும் வயல் வரம்புக்குச் சென்று கேட்கட்டும்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்துச் சென்ற பின்னர், மண்சரிவுக்கு உறவினரைப் பறிகொடுத்த மக்களிடையே மீண்டும் உளவள ஆலோசனை பற்றிய பேச்சு எழுந்துள்ளது. 2004-இல் நாம் கற்ற பாடத்தை மறந்து, மீண்டும் அயல்நாட்டு அறிகுறிப் பட்டியல்களோடு அம்மக்கள் முன் நிற்கப் போகிறோமா? விடை நமது விரிவுரை மண்டபங்களில் இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பாடவிதானக் கூட்டத்தில் அந்த முதற் பக்கம் மேசைக்கு வரும்போது, ஆசிரியர்களும் மாணவர் பிரதிநிதிகளும் அதை மடித்து வைக்காமல் வரி வரியாக வாசிக்கட்டும்; யாருடைய மனம், யாருக்கான அறிவு என்று வினவட்டும்.